முன்னதாகவே வந்திருந்து…

2025 டிசம்பர் 3-ஆம் தேதி கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் ஒரு திருமண வரவேற்பு. மண்டபம் நிறைந்துவிட்டது, மேடை அலங்காரம் முடிந்துவிட்டது, பந்திக்கு இலை போட ஆள் தயார். மணமக்களைத்தான் காணோம். நவம்பர் 23-ஆம் தேதி புவனேஸ்வரத்தில் திருமணம் முடித்த அந்த ஜோடி, பெங்களூர் வழியாக ஹுப்பள்ளி வருவதற்கு விமான டிக்கெட் எடுத்திருந்தது. முதல் நாள் காலையிலிருந்து தாமதம், தாமதம் என்று தள்ளிக்கொண்டே போன விமானம் மறுநாள் விடிகாலையில் ஒரேயடியாக ரத்தானது. வந்த உறவினர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல், பெண்ணைப் பெற்றவர்களே மணமக்களின் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மணமக்கள் பட்டுடுத்திக்கொண்டு புவனேஸ்வரத்திலிருந்து பெரிய திரையில் தோன்றி வணக்கம் சொன்னார்கள்.

அந்த வாரம் இந்தியா முழுக்க இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்த புதிய விதிகள் நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தன. அதற்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகள் பட்டியலில் இல்லை. புயலும் இல்லை, போரும் இல்லை. ஒரு பணிநேர அட்டவணை எத்தனையோ வீட்டு விசேஷங்களைப் புரட்டிப் போட்டது.

இது போன்ற செய்தி வரும்போதெல்லாம் 'அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நடந்ததா' என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். நடந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து மாட்டு வண்டி இக்கரையிலேயே நின்றதும், பெண் வீட்டார் அக்கரையில் தவித்ததும் கிராமத்துப் பெரியவர்களின் கதைகளில் ஏராளம். தடங்கல் புதிதல்ல. தடங்கலைத் தாங்கிக்கொள்ளக் கல்யாணத்துக்குள்ளேயே இருந்த அவகாசம்தான் கரைந்துபோயிருக்கிறது.

தமிழர் கல்யாண ஏற்பாட்டைப் பயணக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது புலப்படும். முகூர்த்த நேரம் பெரும்பாலும் ஒன்றரை மணி: ஆறு முதல் ஏழரை, ஏழரை முதல் ஒன்பது, ஒன்பது முதல் பத்தரை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். ஞாயிற்றுக்கிழமைக்கோ காலை முழுக்கத் தொல்லையில்லை, ராகு காலம் மாலை நாலரைக்குத்தான். விடுமுறையும் அன்றே என்பதால் வளர்பிறை ஞாயிறு ஒன்று வாய்த்தால் ஊரில் ஒரு மண்டபமும் காலியிருக்காது. அந்த ஒன்றரை மணிக்குள் தாலி ஏறியாக வேண்டும். இப்படி இறுக்கிக் கட்டிய நேரத்துக்கு முன்னால்தான் பழைய வழக்கம் ஒரு முழு மாலைப் பொழுதை விட்டுவைத்திருந்தது. மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு, நிச்சயதார்த்தம் என்று முந்தின நாள் நடப்பவை எல்லாம் சடங்குகள்தான். ஆனால் இரண்டு வீட்டாரும் முதல் நாளே ஊர் வந்து சேர்ந்துவிட்டார்களா என்பதற்கான வருகைப் பதிவேடும் அவையே. 'முன்னதாகவே வந்திருந்து' என்று அழைப்பிதழில் அச்சடிப்பதை வெறும் மரியாதை வாசகமாக இன்று படிக்கிறோம். ஒரு காலத்தில் அது நடைமுறை அறிவுரை.

இன்று மண்டபம் முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் பிற்பகல் வரைக்குத்தான் வாடகைக்குக் கிடைக்கிறது. முதல் நாள் மாலையையும் வரவேற்பு எடுத்துக்கொண்டது. தாலி கட்டும் முன்பே மணமக்கள் மேடையில் நின்று மொய்க் கவர் வாங்குகிறார்கள். ஆக, வந்து சேர்வதற்கென்று விட்டிருந்த பொழுதும் ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கிடைக்கும் விடுப்பு வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளி இரவு பஸ் பிடித்து சனி காலை இறங்குவதாகக் கணக்கு. இதில் ஆறு மணி நேரம் பிசகினாலும் அந்தக் கணக்கு குலைந்துவிடும்.

இதோடு பஞ்சாங்கமும் மழையும் மோதுகின்றன. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குள் கூட்டம் நெருக்கியடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் தமிழகக் கடற்கரையைத் தேடி வரும் மாதங்கள் இவையேதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு சென்னை விமான நிலைய ஓடுபாதையில் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது கார்த்திகை பாதி கடந்திருந்தது. பயணிகள் விமானங்கள் மீண்டும் புறப்பட 6-ஆம் தேதி ஆனது. இடையில் அரக்கோணம் அருகே உள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்களை இயக்கினார்கள். 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல் புயல்கள் என்று அதற்குப் பின்னரும் கார்த்திகையில் ஓடுபாதை மூடப்பட்டது.

ஃபெஞ்சல் காட்டிய இன்னொரு பலவீனம் தரைவழியில் இருக்கிறது. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில் செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை விழுப்புரத்தைத் தொட்டாக வேண்டும். அந்த ஒரு பாலத்தால் பல ரயில்கள் ரத்தாகின, சில காட்பாடி வழியாகச் சுற்றிப் போயின. 'சரி, காரை எடு' என்று கிளம்பியவர்களை அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் ஓடிய மலட்டாற்று வெள்ளம் நிறுத்தியது. தலைநகருக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையில் இவ்வளவு போக்குவரத்து ஓடியும், ஒரு மாவட்டத்தில் ஆறுகள் பெருகினால் ரயிலும் சாலையும் ஒரே நாளில் முடங்குகின்றன. கார்த்திகைக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ஜாதகக் கட்டத்தோடு விழுப்புரம் வரைபடத்தையும் விரித்துப் பார்க்கச் சொல்லலாம்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய்விட்டதால் ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள், மற்றவர்கள் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். புதுக்குடி ஊர் மக்கள் அரிசியும் பருப்பும் திரட்டிச் சமைத்துப் போட்டார்கள். 19-ஆம் தேதிதான் எல்லோரும் மீட்கப்பட்டார்கள். மார்கழி முதல் நாள் என்பதால் அந்த ரயிலில் கல்யாண வீட்டார் அதிகம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு வாரம் முந்தியிருந்தால் கதை வேறு.

பக்கத்துக் கேரளத்தில் வெள்ளத்தையே வாகனமாக்கிய ஜோடியும் உண்டு. 2021 அக்டோபரில் ஆலப்புழை மாவட்டம் தலவடியில் கோயிலைச் சுற்றித் தண்ணீர். சுகாதாரத் துறையில் வேலை பார்த்த மணமக்கள், விருந்து சமைக்கும் பெரிய அலுமினிய அண்டாவுக்குள் உட்கார்ந்து மிதந்து போய் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

மழையில்லாத நாளிலும் ரயில் பயணம் நிச்சயமில்லை. மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் கட்டுகிறார்கள். ரயில் முன்பதிவோ 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. பொதிகை, நெல்லை, பாண்டியன், முத்துநகர் போன்ற ரயில்களில் விசேஷ நாட்களுக்கு டிக்கெட் எப்படித் தீரும் என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்தவருக்கும் காத்திருப்புப் பட்டியல்தான் மிஞ்சும். பயணிகள் பட்டியல் தயாராகும்போது இணையக் காத்திருப்பு டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். காசு திரும்பி வரும், பயணம் வராது.

விந்தை என்னவென்றால், ரயில்வே விதிப் புத்தகம் கல்யாண வீட்டை மறந்துவிடவில்லை. பொதுவாக ஒருவர் பெயரில் எடுத்த டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்கு மட்டும்தான், புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு எழுதிக் கொடுத்து மாற்றலாம். கல்யாணக் குழுவுக்குத் தனிச் சலுகை: குழுத் தலைவர் 48 மணி நேரம் முன்பு விண்ணப்பித்தால், குழுவில் பத்து சதவீதம் பேர் வரை யாரை வேண்டுமானாலும் மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் பெரியப்பா கோபித்துக்கொண்டு வர மறுத்தால் அவர் இடத்தில் சித்தப்பாவை ஏற்றலாம் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். முழுப் பெட்டியையே முன்பணம் கட்டி அமர்த்தும் வசதியும் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30 நாளாவது இருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இவை இரண்டுமே தெரியாது.

விதியில் எழுதாத உதவியும் சில சமயம் கிடைக்கிறது. 2024 நவம்பரில் மும்பையிலிருந்து குவாஹாட்டிக்குப் போன ஒரு மாப்பிள்ளைக் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், வயதானவர்களும் கூட. கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் மணிக்கணக்கில் தாமதம். ஹவுராவில் சராய்காட் எக்ஸ்பிரஸைப் பிடித்தாக வேண்டும். மாப்பிள்ளை சமூக ஊடகத்தில் ரயில்வே அமைச்சருக்கு முறையிட்டார். ஹவுராவில் சராய்காட்டைச் சில நிமிடம் நிறுத்தி வைத்தார்கள், குழுவைப் பேட்டரி வண்டியில் ஏற்றி இன்னொரு நடைமேடைக்கு ஓட்டினார்கள். எல்லோரும் கைதட்டிய செய்தி. ஆனால் அன்று அதே ரயிலிலிருந்து இறங்கி வேறு வண்டியைத் தவறவிட்ட எவருக்காவது அப்பா சாவுக்குப் போக வேண்டியிருந்திருக்கலாம். அவர் பதிவு போடாதவராக இருந்திருப்பார்.

ரயில் கிடைக்காதவர்கள் சாலைக்கு வருகிறார்கள். முகூர்த்த நாளும் வார விடுமுறையும் சேர்ந்து வந்தால் சிறப்புப் பேருந்துகள் அறிவிப்பது தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வாடிக்கை. நாட்டின் வேறு எத்தனை இடங்களில் பஞ்சாங்கம் பார்த்து பஸ் விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைதான். அப்படியும் போதாமல் வேன் பிடிக்கிறார்கள். முதல் நாள் முழுக்க ஓட்டிய அதே டிரைவர் நடுராத்திரி இரண்டு மணிக்கு நாலு வழிச் சாலையில் கண் சொருகுகிறார். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்பதால் டீக்கடையில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. கல்யாண வேன் விபத்துச் செய்திகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான். நேரத்துக்குப் போக முடியாமல் போவதை மட்டும் பயணத் தடங்கல் என்று பேசுவது பாதிப் பேச்சு. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் இன்னும் அதிகம் பறித்திருக்கிறது.

வானத்து விவகாரத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது 2010 ஏப்ரல். ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பாவின் வான்வழி சுமார் ஆறு நாள் முடங்கியது. ஏறக்குறைய 1,00,000 விமானங்கள் பறக்கவில்லை, ஒரு கோடிப் பேர் அங்கங்கே சிக்கினார்கள். லண்டனில் திருமணம் வைத்திருந்த ஒரு ஜோடி துபாயில் மாட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு ஹோட்டலில் திருமணம் செய்துகொண்டது. லண்டனில் கூடிய விருந்தினர்கள் ஸ்கைப்பில் பார்த்தார்கள். பதினான்கு ஆண்டு கழித்து அந்தத் துபாயே மூழ்கியது. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் 75 ஆண்டுகளில் காணாத மழை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. சித்திரைக் கல்யாணத்துக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வளைகுடா வழியாக ஊர் வரும் தமிழர்களுக்கு மாற்று வழி யோசிக்கவே இரண்டு நாள் ஆனது.

வானம் தெளிந்தாலும் சிலருக்குத் தாள் தெளிவதில்லை. வளைகுடா நாடுகளின் 'கஃபாலா' முறையில் முதலாளி சம்மதிக்காமல் தொழிலாளி நாட்டை விட்டு வெளியேற முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. கத்தார் 2018-இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020-இல் வீட்டுப் பணியாளர்களுக்கும் வெளியேற்ற அனுமதியை நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் விதியைத் தளர்த்தியது. தங்கை கல்யாணத்துக்குப் பணம் மட்டும் வந்து அண்ணன் வராத வீடுகள் ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கம் ஏராளம். அந்த வீட்டுக் கல்யாணப் படங்களில் அண்ணன் இல்லாததற்குக் காரணம் விமானமோ மழையோ அல்ல. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேறு பயம்: வருவது சுலபம், திரும்புவதுதான் கேள்வி. 2025 டிசம்பர் 15 முதல் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் நடைமுறை தொடங்கியதும், இந்தியாவில் குறித்திருந்த பல நேர்காணல்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயின. விசேஷத்துக்காக ஊர் வந்தவர்களில் பலர் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பு வந்தவர்கள் டிக்கெட் எடுக்கவே யோசித்தார்கள்.

எல்லை மூடினால் கல்யாணமும் நிற்கும். பாகிஸ்தானின் அமர்கோட் பக்கத்துச் சோடா ராஜபுத்திரர்கள் கோத்திர விதியின் காரணமாக ராஜஸ்தானில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் வழக்கம். பஹல்காம் தாக்குதலை அடுத்து 2025 ஏப்ரலில் அட்டாரி எல்லை மூடப்பட்டபோது, பார்மேரிலிருந்து ஊர்வலமாகப் போன மாப்பிள்ளை அட்டாரி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஈழத்தவரின் அனுபவம் இவை எல்லாவற்றையும் விட நீண்டது. 1990-இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவதை நிறுத்தியது. மீண்டும் போனது 2014 அக்டோபரில். யாழ்ப்பாணம் செல்லும், 2002 சமாதான காலத்தில் திறந்த ஏ-9 பாதை 2006 ஆகஸ்ட்டில் மறுபடி மூடியது. கொழும்பில் இருந்த மகன் யாழ்ப்பாணத்தில் தங்கையின் கல்யாணத்துக்குப் போக விமானமோ கப்பலோ, அதற்கு ராணுவ அனுமதியும் வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் கிடைக்கும் பயணப் பத்திரம் சொந்த நாட்டுக்குச் செல்லாது. அதனால் டொரன்டோ மாப்பிள்ளையும் யாழ்ப்பாணப் பெண்ணும் சென்னையிலோ திருச்சியிலோ சந்தித்துத் தாலி கட்டிக்கொண்டார்கள். இரு தரப்புப் பெற்றோரும் அயலூரில் வாடகை வீடு எடுத்துக் கல்யாணம் நடத்தினார்கள். மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு 2019-இல் வெளியிட்ட 'மேரியிங் ஃபார் எ ஃபியூச்சர்' என்ற நூல் இத்தகைய இடைத்தங்கல் கல்யாணங்களை ஆராய்கிறது. அங்கே எடுத்த கல்யாண ஆல்பம் நினைவுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. குடிவரவு அதிகாரி முன் வைக்கும் சாட்சியமாகவும் ஆனது.

யார் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் சடங்குகள் ஒரு விடை வைத்திருக்கின்றன. மூன்றாம் முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் தோஹாவில் சிக்கினால் சித்தப்பா மகள் போடுவாள். தாய்மாமன் மாலை எடுத்து வரத் தாமதமானால் ஒன்றுவிட்ட மாமன் முன் நிற்பார். தமிழ் உறவுமுறையில் அண்ணன், அக்கா, மாமன் என்ற இடங்களுக்கு எப்போதும் நாலைந்து பேர் உண்டு. சுயமரியாதைத் திருமணத்தில் ராகு காலக் கவலை இல்லை. பதிலாகத் தலைமை தாங்க வரும் தலைவரின் கார் எப்போது வரும் என்ற கவலை. மணமக்கள் சரியான நேரத்துக்கு வந்து, தலைவருக்காகக் காத்திருந்த மேடைகள் கட்சிக்காரர்களுக்குப் பழக்கம்.

சாவு வீட்டில்தான் மாற்று ஆள் என்ற வசதி சுருங்குகிறது. கொள்ளி வைக்க மகன் வர வேண்டும் என்று குடும்பம் விரும்புகிறது. ஒரு காலத்தில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். வெளியூர் மகன் பிடி சாம்பலைத்தான் பார்ப்பான். ஊருக்கு ஊர் வாடகைக்குக் கிடைக்கும் ஃப்ரீசர் பெட்டி இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. மஸ்கட்டிலிருந்து மகன் வரும் வரை இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். அதற்கும் வர முடியாதவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது. வராதவன் வந்து சேர இரண்டாவது தேதி ஒன்றைச் சாவுச் சடங்கு தந்திருக்கிறது. கல்யாணத்தில் அப்படி ஒன்று இல்லை.

நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? இந்திய விமானப் போக்குவரத்து விதிகளின்படி, முறையாக முன்னறிவிக்காமல் ரத்தானால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து ₹5,000, ₹7,500, ₹10,000 என்று உச்சவரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 முதல் 600 யூரோ. இரண்டிலும் 'அசாதாரணச் சூழ்நிலை' என்றால் இழப்பீடு கிடையாது. பெட்டி தொலைந்தாலோ தாமதமானாலோ மான்ட்ரியல் ஒப்பந்தப்படி தரும் இழப்பீட்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. முகூர்த்தப் புடவையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு இறங்கும் பெண்ணுக்கு இந்தத் தொகை பெரிய ஆறுதல் அல்ல. ரயிலில், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அதற்கு மேல் கேட்க நீதிமன்றம்தான் வழி. 2016-இல் அஜ்மீர்–ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்ன உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கு நியாயமான காரணத்தை ரயில்வே நிரூபிக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு என்றது. டாக்சிச் செலவு ₹15,000, முன்பதிவுச் செலவுக்கு ₹10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா ₹5,000. ஐந்தாண்டு ஆனது. ஒரு தவறிய முகூர்த்தத்துக்கு விலை போடும் அட்டவணை இதுவரை எந்தச் சட்டத்திலும் கிடையாது.

கொரோனா ஊரடங்கின்போது தமிழக அரசு மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கொடுத்தது. ஏற்றுக்கொண்ட முக்கியக் காரணங்கள் மூன்று: திருமணம், இறப்பு, அவசர மருத்துவம். அதுவும் கிடைக்காதவர்கள் எல்லையையே மேடையாக்கினார்கள். உடுமலை–மூணாறு சாலையில் சின்னாறு சோதனைச்சாவடியில், தமிழகப் பெண்ணும் கேரள மாப்பிள்ளையும் பாலத்தில் நின்று மாலை மாற்றிக்கொண்ட கல்யாணங்கள் ஒன்றுக்கு மேல் நடந்தன. பெண்ணின் பெற்றோர் பாலத்தின் இந்தப் பக்கமே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு 2022 ஜூலையில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இன்னொரு வழியைத் திறந்தது. கன்னியாகுமரி மாவட்டப் பெண், மாப்பிள்ளை அமெரிக்காவில். சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் காலம் முடிந்தும் பதிவு நடக்கவில்லை. விடுப்பு தீர்ந்து மாப்பிள்ளை திரும்பிப் போக வேண்டியதாயிற்று. காணொலி வழியே மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணத்தை நடத்தி வைக்கும்படி சார்பதிவாளருக்கு நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். மாப்பிள்ளையின் அதிகாரப் பத்திரம் பெண்ணிடம் இருந்ததால், பதிவுப் புத்தகத்தில் இருவருக்குமாக அவளே கையெழுத்திடலாம் என்றும் சொன்னார். பதிவுத் திருமணத்துக்குத்தான் இது. மண்டபத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்ட இன்னும் ஆள் நேரில் வர வேண்டியிருக்கிறது, அதுவும் ஏழரைக்குள்.